கண்ணாடிக் கடையில் வெள்ளிக்கிழமை பிற்பகல்

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று பத்திலிருந்து மூன்று நாற்பத்தைந்து வரை நான் கண்ணாடி பொருத்துவோர் சங்கச் செயலாளரின் கடைக்குள் நின்றிருந்தேன். "வழக்குப் போட இன்றுதான் கடைசி நாள், நீதிமன்ற அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும், உடனே கிளம்புங்கள்" என்று அவரிடம் நான் சொல்லவில்லை. இதை முதலில் பதியும்படி, என் வாக்குமூலத்தை எழுதும் நீதிமன்ற ஆணையரைக் கேட்டுக்கொண்டேன். பெயர், வயது, விலாசம் எழுதிய பிறகுதான் மற்றவை என்பது முறை என்றார். சற்று யோசித்துவிட்டு நான் கேட்டபடியே எழுதிக்கொண்டார்.

என் வயது இருபத்தொன்பது. திருமணமாகவில்லை. கூட்டங்களிலும் மாநாடுகளிலும் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்ப்பது தொழில். பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். அண்ணன், அண்ணி, அவர்களுடைய மகள் ஆகியோருடன் மூன்றாம் மாடி வீட்டில் வசித்து வருகிறேன். என் பெயரையும் கதவு எண்ணையும் தனித்தாளில் எழுதி உறையிட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த வழக்கின் இரு தரப்பிலும் எனக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாக வந்தேன்.

என் வேலையைப் பற்றி ஆணையர் கேட்டதற்குச் சொல்வதாவது: மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி, பூத் என்று நாங்கள் சொல்லும் சிறு அறை இருக்கும். மூன்று பக்கம் பலகை, முன்பக்கம் கண்ணாடி. அதற்குள் இருவர் அமர்வோம். மேடையில் பேசுவது எங்கள் ஹெட்போனில் வரும். அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த மொழியில் மைக்கில் சொல்வோம். மண்டபத்தில் ஹெட்போன் போட்டிருப்பவர்களின் காதுக்கு அது போகும். அரைமணிக்கு ஒரு முறை ஆள் மாறுவோம். அன்று என்னோடு இருந்தவர் இருபத்தொன்பதாவது நிமிடமே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார் என்பதால் எங்களுக்குள் அவருக்கு அரைமணி என்று பெயர். பூத்தில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் பட்டியலில் சேர்கிறோம். இடைவேளையில் மொழிபெயர்க்கக் கூடாது என்பதும் விதி.

மேற்படி வெள்ளிக்கிழமைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வழக்கறிஞர் சங்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கூட்டம் தொடங்கியது. போட்டிச் சட்டத்தைத் தனியார் வழக்குகள் மூலம் நிறைவேற்றுவது குறித்த தொழில்முறைக் கலந்துரையாடல் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், தொழிற்சாலைகளின் சட்ட அலுவலர்கள் என்று அறுபது பேர் இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் கண்ணாடி பொருத்தும் தொழிலாளர்கள் நான்கு பேர் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஓரத்தில் இருந்தவர் சங்கச் செயலாளர். அவருக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடி ஓரம் தேய்க்கும் இயந்திரத்தின் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

அவர்கள் அங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. கண்ணாடித் தகடு செய்யும் நான்கு தொழிற்சாலைகள் ரகசியமாகக் கூடி, எல்லோரும் ஒரே விலை வைப்பது என்றும், ஒருவர் பகுதிக்குள் மற்றவர் விற்பதில்லை என்றும் பல ஆண்டுகள் நடத்தியதைப் போட்டி ஆணையம் கண்டுபிடித்து உத்தரவிட்டு, அந்த வாரத்தோடு மூன்று ஆண்டுகள் முடிய இருந்தன. தொழிற்சாலைகள் மேல்முறையீடு செய்து, அதில் தோற்று, அபராதம் கட்டின. அபராதம் அரசாங்கத்துக்குப் போனது. அந்த விலைக்கு வாங்கி நொடித்தவர்கள் இழப்பீடு வேண்டுமானால் தாங்களே தனியாக வழக்குப் போட வேண்டும். அன்றைய பேச்சு முழுவதும் அந்த வகை வழக்கைப் பற்றியதுதான்.

கேள்வி நேரத்தில் செயலாளர் எழுந்து நின்றார். "அபராதம் கட்டினாங்கன்னு பேப்பர்ல படிச்சோம், சந்தோஷம். எங்க ஆளுங்கள்ல எட்டு பேர் கடைய மூடிட்டாங்க. அவங்களுக்கு அந்தப் பேப்பர வெட்டி ஃபிரேம் போட்டுத் தரவா?" என்றார். மண்டபம் சிரித்தது. நான் மொழிபெயர்த்ததைக் கேட்ட வெளிநாட்டுக்காரர்கள் நான்கு விநாடி கழித்துச் சிரித்தார்கள். அதன் பிறகு தொழிற்சாலைகளின் வழக்கறிஞர் மேடையிலிருந்தபடியே, "பெரியவரே, கோர்ட்டு கேஸுன்னு எதுக்கு அலையணும்? திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க, பேசித் தீத்துக்கலாம்" என்று சொன்னார். செயலாளர் இரண்டு கையையும் கூப்பிவிட்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு ஒரு பேராசிரியர் பேசினார். அவர் சொன்னவற்றில் ஒன்றை இங்கே பதிய வேண்டும். இழப்பீட்டு வழக்கில் கெடு நெருங்கிவிட்டால் முழு மனு தேவையில்லை, ஒரு தாளில் கோரிக்கையை எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டால் போதும், விவரங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அதை மொழிபெயர்த்ததும் நான்தான். ஆகவே எனக்கு அது தெரியும்.

பதினொன்று ஐந்துக்கு இடைவேளை விட்டார்கள். அரைமணி தேநீர் குடிக்கப் போனார். ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்தி, மண்டபத்து ஒலிபெருக்கியையும் அணைத்துவிட்டுப் போனார். நான் பூத்திலேயே இருந்தேன். கூட்டத்தோடு நின்று பேசுவது எனக்கு வராது. பையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். ஹெட்போனைக் கழற்றவில்லை, போட்டிருந்தால் வெளிச்சத்தம் குறையும் என்பதால். என் மைக்கை அணைக்கவும் இல்லை. அது திறந்திருக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கின் மேல் புத்தகத்தின் அட்டை கிடந்தது.

இரண்டு பக்கம் படித்திருப்பேன். அப்போது ஹெட்போனில் இரண்டு குரல்கள் வந்தன. மேடை மேசையில் ஒரு மைக் அணைக்கப்படாமல் இருந்திருக்கிறது. ஒரு குரல் தொழிற்சாலைகளின் வழக்கறிஞருடையது. இன்னொன்று அந்தத் தொழிற்சாலைகளில் பெரியதன் வெளிநாட்டுத் தலைமை நிறுவனத்திலிருந்து வந்த சட்ட அலுவலருடையது. அவர் ஒரு பெண்மணி. அவருடைய மொழியிலேயே பேசிக்கொண்டார்கள். என் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. இதை நம்புவது கடினம் என்று தெரியும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பேருந்தில் பின்னிருக்கையில் கணவனும் மனைவியும் சண்டை போட்டால், இறங்கும் வரை அதை உதட்டுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே வருவேன். ஒரு முறை அண்ணி என்னிடம் உப்பு கேட்டதை வேற்று மொழியில் அழகாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, உப்பைக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் பேசியதும், நான் அதைத் தமிழில் மைக்கில் சொன்னதும் பின்வருமாறு. இவர்கள் எப்போது வழக்குப் போடுவார்கள் என்று அந்த அம்மையார் கேட்டார். "போட மாட்டார்கள். மேல்முறையீடு முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கெடு ஓடுவது ஆணையத்தின் முதல் உத்தரவிலிருந்து. இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதனால்தான் திங்கட்கிழமை வரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை தாண்டட்டும், அப்புறம் பேச ஒன்றும் இருக்காது" என்று வழக்கறிஞர் சொன்னார். தேநீர் நன்றாக இருக்கிறது என்று அம்மையார் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன்.

அதன் பிறகு தலையை நிமிர்த்தினேன். மண்டபம் காலியாக இருந்தது. மூன்றாவது வரிசையில் செயலாளர் மட்டும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பூத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது மெஷினைவிட அந்த ஹெட்போனில் நன்றாகக் கேட்டதாம். கழற்றி வைத்தால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று தேநீருக்கும் போகாமல் போட்டபடியே இருந்திருக்கிறார். நான் புத்தகத்தைத் தள்ளி விளக்கைப் பார்த்தேன். மைக்கை அணைத்தேன்.

அவர் எழுந்து பூத் வரைக்கும் வந்தார். நேராகக் கதவைத் திறக்கவில்லை. முன்பக்கக் கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டி ஓசையைக் கேட்டார். "ஒத்தை அடுக்கு. இதுக்கெல்லாம் ரெண்டு அடுக்கு போட்டு நடுவுல காத்து விடணும்மா. யாரோ ஏமாத்திட்டாங்க" என்றார். அதன் பிறகு கதவருகே வந்து, "இப்ப காதுல சொன்னீங்களே, வெள்ளிக்கிழமை தாண்டட்டும்னு. அது யார் பேசினது?" என்று கேட்டார்.

நான், "அது மைக் டெஸ்ட் சார்" என்றேன்.

"டெஸ்டுக்கு வெள்ளிக்கிழமை எல்லாம் வருமா?"

"வாயில வர்றதச் சொல்லிப் பாக்கறதுதான் சார். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்ற மாதிரி."

அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். அதன் பிறகு சிரித்துவிட்டார். "நான் பயந்தே போயிட்டேம்மா. எங்களப் பத்தித்தான் பேசறாங்களோன்னு" என்று சொல்லி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஆணையர் கேட்டதற்குச் சொல்வதாவது: அதற்கு ஒரு மாதம் முன்பு, வராந்தாவில் ஒரு வழக்கின் கட்சிக்காரரோடு இரண்டு வார்த்தை பேசியதற்காக எங்கள் பட்டியலில் ஒருவரை நீக்கியிருந்தார்கள். என் மைக் இடைவேளையில் திறந்திருந்தது யாருக்கும் தெரியக்கூடாது என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. அவர் கேட்ட கேள்வியின் கனம் பிற்பாடுதான் உறைத்தது என்று சொன்னால் அது பொய். அப்போதே தெரிந்தது.

இடைவேளைக்குப் பிறகு அதே வழக்கறிஞர் மேடையில் பேசினார். பாதிக்கப்பட்டவர்களோடு கைகோத்து நடக்கவே தொழிற்சாலைகள் விரும்புகின்றன என்று தலைமை நிறுவனத்து அம்மையாருக்காக அவருடைய மொழியில் சொன்னார். அதைத் தமிழாக்கியது என் முறை. பேசுபவரின் குரல் இதமாக இருந்தால் எங்கள் குரலும் இதமாக இருக்க வேண்டும். இதமாகவே சொன்னேன். செயலாளர் ஹெட்போனோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் அரைமணி, "இன்னைக்கு உன் குரல் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

புதன்கிழமை வீட்டில் ஓர் இயந்திரக் கையேட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். நாற்காலியை நான்கு முறை மாற்றினேன். மாலை வரை ஒன்றரைப் பக்கம் முடிந்தது. வியாழக்கிழமை, செவ்வாய்க் கூட்டத்தின் வருகைப் பட்டியலில் செயலாளரின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்தேன். மூன்று முறை எண்ணைப் போட்டு, மணி அடிப்பதற்கு முன் துண்டித்தேன். நான்காவது முறை மணி அடித்தது. ஒரு பெண்குரல் எடுத்தது. வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்தேன், பிறகு கடையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன், எதிர்ப்பக்கத்து மருந்துக் கடையில் தேவையில்லாமல் ஒரு தலைவலி மாத்திரை வாங்கினேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். இந்த வாக்குமூலத்தின் தொடக்கத்தில் பதியப்பட்டிருப்பது அந்த வாக்கியம்தான். மூன்று பத்துக்கு உள்ளே போனேன்.

கடையில் சுவரோரம் தகடுகள் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தன. செயலாளர் நீள மேசையின் மேல் குனிந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "அடடே, டெஸ்டு அம்மா! வாங்க வாங்க" என்றார். உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, "நான் சொன்னேன்ல, காதுக்குள்ள வெள்ளிக்கிழமைன்னு சொல்லிப் பயமுறுத்தினாங்கன்னு. இவங்கதான்" என்றார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மூணு நாளா இதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கறார்மா. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு, நான் சொல்லி ஒரு தடவ பயந்ததில்ல இந்த மனுஷன்."

"நீ எங்க டெஸ்ட் பண்றே? நேரா ஒளிபரப்புதானே."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு என்ன வேண்டும் என்று கேட்டார். படச் சட்டத்துக்கு ஒரு கண்ணாடி, பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் என்றேன். எங்கள் வீட்டில் அந்த அளவில் படச் சட்டம் கிடையாது. அவர் அளவுகோலை வைத்து, சட்டைப் பையிலிருந்து வைர முனை எடுத்து ஒரே இழுப்பாகக் கீறினார். "ரெண்டாவது தடவ கீறக்கூடாதும்மா, கோணையா உடையும்" என்றார். ஓரத்தில் இரண்டு முறை தட்டினார். கண்ணாடி சுத்தமாகப் பிரிந்தது.

அவர் அதைக் காகிதத்தில் சுற்றும்போது, திங்கட்கிழமை பேச்சுவார்த்தைக்கு எந்தச் சட்டை போடுவது என்று அவர்களுக்குள் பேச்சு வந்தது. நீலச் சட்டையைப் போடச் சொன்ன மனைவி, அதில்தான் எல்லாப் பொத்தானும் இருக்கிறது என்றார். பிறகு என்னிடம், "இவருக்குக் காது கேக்காதுன்னு கம்பெனிக்காரங்களுக்கு நல்லா தெரியும்மா. அதான் பேசக் கூப்பிடறாங்க" என்றார்.

செயலாளர் அதைக் காதில் வாங்கவில்லை. என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்கல்லாம் பெரிய வக்கீலுங்க பேசறதக் கேட்டுட்டே இருக்கறவங்க. இந்தப் பேச்சுவார்த்தை நல்லதுதானேம்மா? முப்பத்தொரு கடைக்காரங்க என்னை நம்பி இருக்காங்க."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது. நீதிமன்றம் அங்கிருந்து வண்டியில் இருபது நிமிடம்.

"பேசிப் பாருங்க சார்" என்றேன்.

கண்ணாடிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அதன் பிறகு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். மூன்று பேருந்துகள் போயின. கைக்கடிகாரத்தில் ஐந்து ஆனதைப் பார்த்தேன். அதற்கு அடுத்து வந்த பேருந்தில் ஏறினேன்.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று எனக்கு நேரடியாகத் தெரியாது. செயலாளரின் பிரமாணப் பத்திரத்தைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். சங்கத்திலிருந்து ஐந்து பேர் போனார்கள். வரவேற்பறையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். அதன் பிறகு கெடு தாண்டிவிட்டதால் இழப்பீட்டைப் பற்றிப் பேச இடமில்லை என்று எழுதிய கடிதம் ஒன்றைக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு சங்கத்தார் ஓர் இளம் பெண் வழக்கறிஞரை அமர்த்தி, கெடுவுக்குப் பதினாறு நாள் கழித்து வழக்கைத் தாக்கல் செய்தார்கள். எதிர்த்தரப்பு ஏமாற்றியதால்தான் தாமதம் என்று காட்டினால் நீதிமன்றம் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். காட்டாவிட்டால் வழக்கு எண் பெறாமலே முடிந்துவிடும். முப்பத்தொரு கடைக்காரர்களுக்கும் வேறு வழி இல்லை. இடைவேளையில் ஒரு பெண்குரல் தன் காதில் சொன்னதையும், கேட்டபோது அது மைக் டெஸ்ட் என்று அந்தப் பெண் சொன்னதையும், தான் நம்பியதையும் செயலாளர் பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை நான் கடைக்கு வந்ததை அவர் எங்கும் எழுதவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று எனக்குத் தெரியாது.

அன்று பூத்தில் இருந்தவள் என்பதால் நீதிமன்றப் பதிவாளர் என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். நான் ஒரே வரியில் பதில் அனுப்பினேன்: "விதிகளின்படி இடைவேளையில் மொழிபெயர்ப்பு நடைபெறுவதில்லை." அந்த வரியை எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முழுவதும் பொய்.

சென்ற வாரம் புதன்கிழமை விசாரணை என்று தெரிந்து நீதிமன்றம் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தொழிற்சாலைகளின் வழக்கறிஞர் செயலாளரைக் குறுக்கு விசாரணை செய்தார். "பெரியவரே, நான் பேசறது இப்பக் கேக்குதா?" என்று ஆரம்பித்தார்.

"கேக்குது."

"இவ்வளவு பக்கத்துல நின்னு கத்தினா கேக்குது. மேடையில ரெண்டு பேர் கிசுகிசுன்னு பேசினதும் மூணாவது வரிசையில கேட்டுச்சு. அப்படித்தானே?"

"நீங்க சத்தமா பேசறது எனக்குப் பாதிதான் சார் கேக்கும். அன்னைக்கு மெதுவா பேசினதுதான் முழுசா கேட்டுச்சு. அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"எந்தப் பொண்ணு?"

"காதுக்குள்ள இருந்த பொண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தானும் கொஞ்சம் சிரித்தார். அதன் பிறகு தொழிற்சாலைகளின் வழக்கறிஞர், அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றும், நடந்திருந்தால் அது தனக்கும் தன் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம் என்றும், பெரியவர் அதைக் கேட்டிருந்தால் கெடு தெரிந்தே சும்மா இருந்தவர் என்றும் வாதிட்டார். சங்கத்தின் வழக்கறிஞர் எழுந்து, "நடக்கவே இல்லைன்னு சொன்ன பேச்சுக்கு ரகசியம் எப்படிங்க கேக்கறீங்க? முதல்ல நடந்துச்சா இல்லையான்னு ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். இடைவேளையில் அப்படி ஒரு பெண்குரல் பேசியதற்கு வேறு சாட்சி உண்டா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. நான் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போனேன்.

மறுநாள் காலை அண்ணி சமையலறையிலிருந்து, "என்னடி, வீட்டுக்குள்ளயே நடந்து நடந்து தரையத் தேய்க்கறே?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். இதுவரை நான் சொன்ன ஒரே ஆள் அவர்தான். கரண்டியை வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். "உலகத்துல இருக்கறவங்க பொய்யெல்லாம் ரெண்டு மொழியில சொல்லிச் சம்பளம் வாங்கறே. சொந்தமா ஒண்ணு சொன்னதுக்கு இந்தப் பாடா?" என்றார். அண்ணனுக்கு ஆறு மாதமாக வேலை இல்லை என்பதும், வீடு என் வருமானத்தில் நடக்கிறது என்பதும் அண்ணிக்குத் தெரியும். மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டே, "போறதுன்னா கார்த்தாலயே போ. சாயங்காலம் போனா நாளைக்கு வான்னு சொல்லிடுவாங்க" என்றார்.

இன்று காலை பத்து மணிக்கு ஆணையர் அலுவலகத்துக்கு வந்தேன். இதைச் சொன்னால் என் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படலாம் என்று ஆணையர் எச்சரித்தார். தெரியும் என்றேன்.

கேட்டதற்குச் சொல்வதாவது: பூத் கதவருகே நான் சொன்ன பதிலை ஆணையர் முதலில் "தவறுதலாகக் கூறிவிட்டேன்" என்று எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். "ஏம்மா, தவறுதலான்னு இருந்தா உங்களுக்கு நல்லதுதானே?" என்றார். எனக்கு நல்லதுதான், ஆனால் அப்படி நடக்கவில்லை என்றேன். மைக்கில் பேசியது தவறுதலாக நடந்தது. கதவருகே சொன்னது தெரிந்தே சொன்னது. செயலாளர் சந்தேகப்பட்டுக் கேட்டார், மறுமுறையும் கேட்டார். இரண்டு முறையும் அவருடைய சந்தேகத்தை நான் போக்கினேன். கெடு அவருக்குத் தெரியும் என்று எதிர்த்தரப்பு சொல்வது சரியல்ல. அவருக்குத் தெரிந்திருந்ததை, தெரியாததாக ஆக்கியது நான்.

கடைக்குப் போனது எதற்காக என்று கேட்டதற்கு, சொல்வதற்காகப் போனேன் என்றேன். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்றேன். ஆணையர் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

மேலே உள்ளதை ஆணையர் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். அதன் பிறகு நானும் ஒரு முறை படித்தேன். திருத்தம் செய்த இடத்தின் ஓரத்தில் சுருக்கொப்பமிட்டேன். நடந்ததோடு எதையும் சேர்க்கவில்லை, எதையும் இந்த முறை விடவும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்ன உண்மை இது என்பதற்குக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சாட்சி

என் முன்னிலையில் பதியப்பட்டது.
(ஒப்பம்)
நீதிமன்ற ஆணையர்

நீதிமன்ற எழுத்தர் குறிப்பு: மேற்படி வாக்குமூலத்தின் பேரில் பதினாறு நாள் தாமதம் பொறுக்கப்பட்டு, கண்ணாடி பொருத்துவோர் சங்கத்தின் இழப்பீட்டு வழக்கு எண்ணிடப்பட்டது. அதே வாரத்தில் சாட்சியின் பெயர் மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. முதல் விசாரணை நாளன்று, வெளிநாட்டுச் சட்ட அலுவலரின் சாட்சியத்தை மொழிபெயர்க்க ஆள் கிடைக்காததால் வழக்கு மூன்று வாரம் தள்ளிவைக்கப்பட்டது.